ஜீப் நேரத்துக்கு ஒரு பால்வாடி: தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய இரு மாவட்ட ஆட்சியர்களுக்கும் வணக்கம்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவள் நான். பணியில் இருந்தபோது இப்படி எழுதியிருந்தால் விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கும். இப்போது பென்ஷன் மட்டும்தான் வருகிறது, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். ஒரே மடலை இருவருக்கும் அனுப்பக் காரணம் உண்டு. தாய் வேலை பார்ப்பது இடுக்கி மாவட்டத்தில், பிள்ளை கிடப்பது தேனி மாவட்டத்தில். தனித்தனியாக எழுதினால் "அது அவங்க பக்கத்து விவகாரம்" என்று இரண்டு பக்கமும் கோப்பை மூடிவிடுவார்கள். இடுக்கி அலுவலகத்துக்குத் தமிழ் மனு புதிதில்லை. அங்கே குடியிருக்கும் தமிழர் அரசுக்குத் தமிழிலேயே எழுதிப் பதில் பெறலாம் என்று கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே சொல்கிறது. அந்த உரிமை எனக்குப் பொருந்தாது என்றாலும், வாசிக்க ஆள் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் தமிழில் எழுதுகிறேன்.

கம்பம், கூடலூர், தேவாரம், போடி வட்டாரங்களில் விடியுமுன் ஜீப் கிளம்புவது தங்களுக்குத் தெரியும். குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் பெண்கள் இடுக்கி மலையின் ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிறார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றினால் கேஸ் போடுகிறார்கள், வண்டி கவிழ்ந்தால் பத்திரிகையில் வருகிறது. அந்த ஜீப்பைப் பற்றி அரசுக்குத் தெரிந்தது அநேகமாக இவ்வளவுதான். அதில் போகிற பெண்ணின் மூன்று வயதுப் பிள்ளை அந்நேரம் யாரிடம் இருக்கிறது என்று எந்த ரிஜிஸ்டரிலும் கிடையாது. பால்வாடி திறக்க இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். சாயங்காலமும் பால்வாடியைப் பூட்டி வெகுநேரம் கழித்துத்தான் ஜீப் மலையிறங்கும். ஆக, ஜீப்பை நம்பியிருக்கும் வீட்டுக்குப் பால்வாடி இருந்தும் பாதிதான் பயன். காலையில் கொண்டுபோய் விட ஆளில்லாத வீட்டுக்கு அதுவும் இல்லை.

பிள்ளை அப்பத்தாவிடம் இருக்கும், இல்லையென்றால் பக்கத்து வீட்டில், அதுவும் இல்லையென்றால் மூன்றாம் வகுப்பு படிக்கும் அக்காவிடம். அக்கா அன்றைக்குப் பள்ளிக்கூடம் வரமாட்டாள். எங்கள் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலே மலையில் காய் எடுப்பு எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடலாம்.

அழுகிற பிள்ளையை அமர்த்த அப்பத்தாவிடம் இருப்பது பால்புட்டிதான். அதில் பால் கொஞ்சம், தண்ணீர் கொஞ்சம், சீனி தாராளம். பால் இல்லாத நாளில் வரக்காப்பி. தாய் கிளம்பும் சத்தத்தில் பிள்ளை விழித்துக்கொண்டால் புட்டியை வாயில் வைத்துத் திரும்பவும் படுக்கப் போட்டுவிடுவார்கள். தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைவு. அதனால் சீனித் தண்ணீர் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும், வாயில் இருக்கும் கிருமி அதை அமிலமாக்கிப் பல்லை அரிக்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பித்துவிடும். ஒன்றாம் வகுப்பில் சேர வரும் பிள்ளை சிரித்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கீழே நாலு பல்லும் வரிசையாக வெள்ளையாக இருக்கும், மேலே நாலும் ஈறு மட்டத்துக்குக் கரைந்து பழுப்பு முளையாக நிற்கும்.

இது ஒரே நாளில் ஆவதில்லை. முதலில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தீற்றினாற்போல ஒரு வெள்ளைக் கோடு விழும். அந்தக் கட்டத்தில் மேலுதட்டைத் தூக்கிப் பார்க்க ஒருவர் இருந்தால் புட்டியை நிறுத்தி, ஃப்ளோரைடு வார்னிஷ் பூசி, பல்லைக் காப்பாற்றிவிடலாம். உதட்டைத் தூக்கிப் பார்க்க டாக்டர் வேண்டியதில்லை. பழகிய ஆயாவுக்கு ஒரு பிள்ளைக்கு அரை நிமிஷம் போதும்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கு வந்த பிறகுதான் பிள்ளைகள் சாப்பிடுவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு பையன் ரவை உப்புமாவை மெல்லவே மாட்டான். நாக்கால் மேலண்ணத்தில் அமுக்கி அமுக்கி, கழுத்தை நீட்டி விழுங்குவான். மதியம் சத்துணவில் கொண்டைக்கடலை போட்டால் பக்கத்துப் பிள்ளையின் தட்டுக்குத் தள்ளிவிடுவான். சமையல் அக்கா, "திமிரு டீச்சர் இவனுக்கு" என்பார். வாயைத் திறக்கச் சொன்னால் இரண்டு பக்கமும் கடைவாயில் குழி. எடை எடுக்கும் நாளில் அவன் எடைக்குறைவு என்று பதிவானான். உயரம் கேட்டார்கள், எடை கேட்டார்கள், பூச்சி மாத்திரை கொடுத்தாயிற்றா என்று கேட்டார்கள். பல்லை யாரும் கேட்கவில்லை.

"விழுந்து முளைக்கிற பல்லுதான டீச்சர்" என்று தாய்மார் சொல்வார்கள். படித்தவர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். பால்பற்கள் இருபது. முன்பற்கள் ஆறேழு வயதில் விழுந்துவிடும், சரி. பால் கடைவாய்ப்பற்கள் பத்து, பதினொரு வயதுவரை இருக்க வேண்டியவை. நாலு வயதில் அவை சொத்தையானால் ஆறேழு வருஷம் வலியோடுதான் சாப்பாடு, வலியோடுதான் தூக்கம். அதுபோக, ஆறு வயதில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் அது முளைப்பதால் அதையும் பால்பல் கணக்கிலேயே விட்டுவிடுகிறார்கள். ஆயுசு முழுக்க இருக்க வேண்டிய பல் அது. சொத்தை நிறைந்த வாயில் முளைத்து, சில வருஷத்தில் தானும் குழிவிழுந்து, வயதுக்கு வருமுன் பிடுங்கி எறியப்படுகிறது. உலகத்தில் 51 கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பால்பல் சொத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை சொல்கிறது. நம் பள்ளத்தாக்கில் எத்தனை என்று எண்ணினால்தானே தெரியும்?

தாயின் வாய்க்கு வருகிறேன். கர்ப்பகாலத்தில் ஈறு வீங்குவதும் பல் துலக்கினால் ரத்தம் வருவதும் ஹார்மோன் மாற்றத்தால் அநேகம் பேருக்கு வருவது. "மாசமா இருக்கையில பல்லுல கை வைக்கக் கூடாது" என்று வீட்டில் சொல்வார்கள். பெண்ணும் பிள்ளை பிறக்கட்டும் என்று பொறுத்துக்கொள்வாள். பிறந்த பிறகு கைப்பிள்ளையோடு எங்கே போவது? உண்மையில் கர்ப்பத்தில் பல் வைத்தியம் செய்துகொள்ளலாம், நாலு முதல் ஆறு மாதம்வரை உட்கார்ந்து செய்துகொள்ளச் சௌகரியமான காலம். சொத்தைக் கிருமி பெரும்பாலும் தாயின் எச்சில் வழியாகத்தான், ஊட்டுகிற ஸ்பூன் வழியாகத்தான் பிள்ளைக்குப் போகிறது. தாயின் பல்லைச் சீராக்குவதில் பிள்ளையின் பல்லுக்கும் பாதி வைத்தியம் முடிந்துவிடுகிறது. இதை உணர்ந்துதான் பிரிட்டனில் கர்ப்பிணிக்கும், பிள்ளை பெற்று 12 மாதம் ஆகும்வரை தாய்க்கும், அரசுப் பல் வைத்தியம் இலவசம் என்று வைத்திருக்கிறார்கள். நம்மிடமும் அரசு மருத்துவமனையில் காசு வாங்குவதில்லை, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் புற நோயாளிச் சீட்டு கொடுப்பது காலையில். அந்நேரம் அவள் ஏலச் செடிக்கு அடியில் குத்தவைத்துக் காய் எடுத்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் கூலியை விட்டு வந்தால், நான் கூடப் போயிருந்த ஒரு மருத்துவமனையில், "சேர் ரிப்பேர், அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். அவள் அடுத்த வாரம் போகவில்லை. மெட்டு என்கிற மலைக் கணவாய்க்குக் கீழே மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு ஜீப்பில் ஏறிவிட்டாள்.

சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் பின்னால் வந்த திருத்தத்தில் ஏலக்காய்த் தோட்டத்தையும் சேர்த்துக்கொண்டது. 50 பெண்கள் வேலை செய்தாலோ, அவர்களுடைய பிள்ளைகள் 20 பேர் இருந்தாலோ தோட்டம் பிள்ளைக் காப்பகம் நடத்த வேண்டும் என்றது. தேயிலை எஸ்டேட்டுகளில் ஆயா வைத்த கிரெச் வந்தது இந்தச் சட்டத்தால்தான். ஆனால் ஐந்து ஹெக்டேருக்கும் 15 ஆளுக்கும் குறைந்த தோட்டத்தை அந்தச் சட்டம் தொடவில்லை. ஏலத்தோட்டம் பலவும் சின்னச் சின்னதாகக் கிடக்கிறது, வேலைக்கும் இன்று ஒரு தோட்டம், நாளை ஒரு தோட்டம் என்று ஜீப்காரரோ கங்காணியோ ஆளைப் பிரித்து இறக்கிவிடுகிறார். எந்த முதலாளியிடமும் 50 பெண் சேரமாட்டார்கள். ஒரு மெட்டில் ஒரு காலைப்பொழுதில் ஏறுகிறவர்களை எண்ணினால் பல ஐம்பதுகள் வரும். பழைய சட்டங்களைத் திரட்டி 2020-ல் கொண்டுவந்த தொகுப்பிலும் கணக்கு ஐம்பதில்தான் நிற்கிறது. இதற்கு நடுவே 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில் ஒரு நல்ல விதி இருந்தது: வேலைத் தளத்துக்கு ஐந்து பிள்ளைகள் வந்தாலே, அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவளுக்கும் அதே கூலி தர வேண்டும். கண்மாய்க் கரையில் ஐந்து பிள்ளைக்கு நடந்த காரியம் ஏலத்தோட்டத்தில் ஐம்பது தாய்க்கு நடக்கவில்லை. 26 வாரப் பேறுகால விடுப்பும் 2017 திருத்தத்தில் வந்தது. ஜீப்பில் ஏறும் பெண்ணுக்கு அது பேப்பரில் படித்த சேதி.

பிள்ளையை மலைக்கே கூட்டிப்போய்த் தோட்டத்தில் காப்பகம் வைக்கச் சொல்கிறேனா என்றால், இல்லை. அந்த ஜீப்பில், அந்த வளைவுகளில், அந்தக் குளிரில் கைக்குழந்தை போக வேண்டாம். மருந்தடிக்கிற தோட்டத்தில் பிள்ளை விளையாடவும் வேண்டாம். ஜீப் கிளம்பும் ஊரில், கிளம்பும் நேரத்துக்கு முன்னால் திறந்து, ஜீப் திரும்பிய பிறகு பூட்டுகிற ஒரு காப்பகம் வேண்டும். புதுக் கட்டடம் கேட்கவில்லை, இருக்கிற பால்வாடியிலேயே நடத்தலாம். ஒன்றிய அரசின் பால்னா திட்டத்தில் அங்கன்வாடியையே காப்பகமாகவும் நடத்த இடமிருக்கிறது, ஆறு மாதக் குழந்தையிலிருந்து ஆறு வயதுவரை. அதன் வழிகாட்டலில் ஒரு நாளுக்கு ஏழரை மணி நேரம் என்கிறார்கள். எங்கள் ஊர்க் கணக்குக்கு அது போதாது, இரண்டு முறை ஆள் மாற வேண்டும்.

அந்த ஆள் இப்போது இருக்கும் பால்வாடி டீச்சராகவோ ஆயாவாகவோ இருக்கக் கூடாது என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். எடை எடுப்பது, சத்துமாவு கொடுப்பது, போஷன் டிராக்கர் என்கிற அங்கன்வாடிச் செயலியில் விவரம் ஏற்றுவது, தேர்தல் வேலை என்று அவர்கள் தலையில் ஏற்கெனவே ஏகப்பட்டது கிடக்கிறது. அதிகாலைக்கும் அந்திக்கும் வேறு இரண்டு பெண்கள் வேண்டும், ஒழுங்கான சம்பளத்தோடு. ஊக்கத்தொகை என்ற பெயரில் ஏதோ கொடுத்து அனுப்பினால் மூன்றாம் மாதம் அவர்களும் ஜீப்பில் ஏறிவிடுவார்கள், மலையில் கூலி கூட.

பணம் எங்கிருந்து வரும் என்று இரண்டு அலுவலகமும் கேட்கும். ஏலக்காய்க்கு எப்படி வருகிறதோ அப்படி வரட்டும். இடுக்கியில் விளைந்த காய் ஒன்றிய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் இடுக்கிப் பக்கம் புத்தடியிலும் விற்கிறது, நம் போடியிலும் விற்கிறது. எந்த மாநிலத்துக் காய் என்று அங்கே யாரும் தடுத்து நிறுத்தவில்லை. காயெடுத்த கையின் பிள்ளைக்கு மட்டும் மெட்டில் கோடு விழுகிறது. ஆளைக் கூட்டிப்போகும் தோட்டக்காரர் தலைக்கு இவ்வளவு என்று இடுக்கித் தொழிலாளர் துறை மூலம் ஒரு பங்கு தரலாம், மீதியைத் தமிழ்நாடு குழந்தைகள் வளர்ச்சித் துறை ஏற்கலாம். எவ்வளவு என்பதைத் தாங்கள்தான் பேசி முடிவு செய்ய வேண்டும். ஆள் பட்டியலுக்கு அலைய வேண்டாம். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை, யார் மாசமாக இருக்கிறாள் என்பதெல்லாம் ஜீப் டிரைவர்களுக்கு அத்துபடி.

பல்லையும் காப்பகத்தையும் ஏன் ஒரே மடலில் கட்டுகிறேன் என்றால், காப்பகத்துக்குப் பிள்ளை வந்தால்தான் பல்லைப் பார்க்கவே முடியும். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் குழு போய்ப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 2013-லிருந்து இருக்கிறது, அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை. அவர்கள் பட்டியலில் பல் சொத்தையும் ஓர் இனம்தான். குழு வருகிற நாளில் பிள்ளை அப்பத்தா வீட்டுத் திண்ணையில் இருந்தால் யார் பார்ப்பது?

ஸ்காட்லாந்தில் செய்ததை இங்கே எழுதத் தோன்றுகிறது. அங்கே அரசு நடத்தும் சைல்டுஸ்மைல் என்ற திட்டத்தில் நர்சரிக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் தினமும் அங்கேயே, ஆசிரியர் கண்முன்னால், ஃப்ளோரைடு பற்பசை வைத்துப் பல் துலக்குகிறார்கள். சொத்தை குறைந்தது, பிரஷ் வாங்கிய செலவைவிட வைத்தியத்தில் மிச்சமானது அதிகம் என்று கணக்குப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். நம் பால்வாடியில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கை கழுவ வரிசையில் நிற்கிற பிள்ளையிடம் பிரஷைக் கொடுத்தால் அதே காரியம்தான். பெயர் எழுதிய பிரஷ், தலை மூடாமல் தனித்தனியாகக் காயவைக்க ஒரு மரச்சட்டம், 1,000 பிபிஎம் ஃப்ளோரைடு உள்ள சாதாரணப் பற்பசை. மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்குவார்கள், அதைப் பார்த்துப் பழகிய தாய்மாருக்கு இந்த அளவைச் செய்து காட்டித்தான் புரியவைக்க முடியும். ரோஸ் கலர் பல்பொடியை விரலில் தொட்டுத் தேய்ப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

சொத்தை விழுந்துவிட்ட பல்லுக்கும் மலையடிவாரத்தில் செய்யக்கூடிய வைத்தியம் இருக்கிறது. சில்வர் டயமின் ஃப்ளோரைடு என்ற சொட்டு மருந்தைக் குழியில் தடவினால் சொத்தை மேலே பரவாமல் நிற்கும். ஊசி இல்லை, டிரில் இல்லை, கரண்டும் வேண்டாம். பல் கறுத்துப்போகும், அதை முன்கூட்டியே தாயிடம் சொல்லிவிட வேண்டும். கைக்கருவியால் சுரண்டிவிட்டு கிளாஸ் அயனோமர் சிமெண்ட் வைத்து அடைக்கவும் செய்யலாம். இந்த இரண்டையும் ஃப்ளோரைடு பற்பசையையும் 2021-ல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆகவே பெரிய சேர் இறக்குமதி ஆகிற வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பல் மருத்துவரும் ஒரு செவிலியரும், ஜீப் ஓடாத நாளாகப் பார்த்து, பால்வாடிக்கு வந்தால் போதும். அன்றைக்குத் தாயும் பிள்ளையும் ஒன்றாக உட்காரலாம். டாக்டருக்கு வாரநாளில் ஒரு மாற்று விடுப்பு கொடுத்துவிடுங்கள், அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

இடுக்கி ஆட்சியருக்குத் தனியாக ஒரு வார்த்தை. தங்கள் மாநிலத்தில் மந்தஹாசம் என்று ஒரு திட்டம், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் 60 வயதைக் கடந்தவர்களுக்கு இலவசப் பல்செட். அருமையான திட்டம். அதே அக்கறை முதல் பல் முளைக்கும் ஆறாம் மாதத்திலும் வேண்டும். அங்கன்வாடியில் உப்புமாவுக்குப் பதில் பிரியாணி வேண்டும் என்று ஒரு சின்னப் பையன் கேட்டதை வைத்து 2025-ல் உணவுப் பட்டியலையே மாற்றி, முட்டை பிரியாணி சேர்த்து, சீனியையும் உப்பையும் குறைத்தார்கள். வாய்விட்டுக் கேட்ட பிள்ளைக்குக் கேரளத்தில் கிடைத்தது. சீசனுக்கு மலையிலேயே லயம் என்கிற தோட்டக் குடியிருப்பில் தங்கிவிடும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை மலையாளத்தில் கேட்கத் தெரியாமல் அங்கன்வாடி வாசலோடு நின்றுவிடுகிறது. அந்தப் பிள்ளையின் பெயரைப் போஷன் டிராக்கரில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாற்றும் வசதி இருக்கிறது. மாற்றச் சொல்லித் தாங்கள் ஒரு சுற்றறிக்கை விட்டால் அது நடக்கும்.

தேனி ஆட்சியருக்கு: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் கர்ப்பிணிக்குக் கொடுக்கும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் ஒரு பிரஷும் ஒரு பற்பசையும் சேர்க்க மாநிலத்துக்குப் பரிந்துரை அனுப்புங்கள். தாய் சேய் அட்டையில் ரத்த அழுத்தத்துக்குப் பக்கத்தில் "பல், ஈறு" என்று ஒரு வரி சேர்க்கவும் எழுதுங்கள். அந்த வரி அச்சாகி வரும்வரை கிராமச் செவிலியர் பேனாவால் எழுதிக்கொள்ளலாம்.

சித்திரை முழுநிலவுக்கு மங்கலதேவி கண்ணகி கோயில் விழாவுக்காக இரண்டு மாவட்ட நிர்வாகமும் ஆண்டுதோறும் உட்கார்ந்து பேசுகிறீர்கள். எத்தனை ஜீப், எங்கே குடிதண்ணீர், எங்கே மருத்துவக் குழு என்றுவரை பேசி முடித்துவிடுகிறீர்கள். அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் இதையும் ஒன்றாக வையுங்கள். காய் எடுப்பு சூடுபிடிக்கும் ஆவணிக்குள் கம்பம்மெட்டு அடிவாரத்தில் ஒரு பால்வாடி, போடிமெட்டு அடிவாரத்தில் ஒரு பால்வாடி என இரண்டே இரண்டு இடத்தில் ஆரம்பித்தால் போதும். எந்தெந்தத் தெருவில் ஜீப் நிற்கிறது, எந்தெந்த வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கிறது என்று ஓய்வுபெற்ற ஆசிரியைகள் சிலர் எழுதி வைத்திருக்கிறோம். பள்ளிக்கூட நோட்டில், கையெழுத்தில் இருக்கிறது. யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சொன்னால் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒன்றாம் வகுப்பு ஆசிரியை,
கம்பம் பள்ளத்தாக்கு.